பக்கத்து வீட்டுப் பூனைக்கு உடம்பு முடியவில்லை: எப்போது தலையிடலாம்?

திண்ணை:
பக்கத்து வீட்டு ஆண் பூனை, வயது பத்துக்கு மேல். இரண்டு மாதத்தில் முதுகெலும்பு துருத்தும் அளவுக்கு இளைத்துவிட்டது. இடுப்புப் பக்கம் முடி சிக்குப் பிடித்துக் கிடக்கிறது. தண்ணீர் வாளியை விட்டு நகர்வதில்லை. வீட்டுக்காரர் காலையில் போனால் இரவில்தான் திரும்புகிறார். நல்லவர்தான், ஆனால் பெரிதாகப் பேச்சுவார்த்தை கிடையாது. சாப்பாடு வைக்கலாமா, மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போகலாமா? இந்த மாதிரிப் பூனைகளைப் பார்த்தவர்கள் எது உதவியது, எது கெடுத்தது என்று எழுதுங்கள்.

சாம்பல்வால்:
முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். அந்தப் பூனைக்கு இருப்பது மணிக்கணக்கா, நாள்கணக்கா, வாரக்கணக்கா? வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான்.

மணிக்கணக்கில் ஓட வேண்டியவை சிலதான். ஆண் பூனை திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து முக்குகிறது, சொட்டு வருகிறது அல்லது ஒன்றுமே வரவில்லை, கத்துகிறது, குறியை நக்கிக்கொண்டே இருக்கிறது என்றால் சிறுநீர்க்குழாய் அடைப்பு. மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு ராத்திரி விட்டுவிடுவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறும். முழு அடைப்பு என்றால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும்.

வாயைத் திறந்து மூச்சு வாங்குவது இன்னொன்று. நாய்க்கு அது சாதாரணம், சும்மா படுத்திருக்கும் பூனைக்குச் சாதாரணமே இல்லை. பின்னங்கால்கள் திடீரென்று துவண்டு, தொட்டால் சில்லென்று இருந்து, பாதம் வெளிறியோ நீலம் பாய்ந்தோ, பூனை அலறினால் வண்டியில் அடிபட்டதென்று நினைப்பார்கள். இதயத்தில் உருவான ரத்தக்கட்டி போய்ப் பின்னங்கால்களுக்குப் பெருந்தமனி பிரியும் இடத்தில் அடைத்தாலும் இப்படித்தான் இருக்கும். உடம்பெல்லாம் நடுக்கம், இழுப்பு என்றால் நாய்க்கான உண்ணி மருந்தை யாராவது தடவினார்களா என்று கேளுங்கள். அதில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். லில்லிச் செடியைக் கடித்தது, அல்லது மகரந்தம் ஒட்டிய முடியை நக்கியது என்றால் பூனை நன்றாகத் தெரிந்தாலும் கிளம்பிவிட வேண்டும். சிறுநீரகம் கெட்டது வெளியே தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

இவற்றில் எது இருந்தாலும் வீட்டுக்காரருக்கு போன் அடித்துக்கொண்டே புறப்படுங்கள். அவர் எடுக்கவில்லை என்பதற்காக உட்கார்ந்திருக்காதீர்கள்.

நாள்கணக்கில் பார்க்க வேண்டியதில் முக்கியம் சாப்பிடாமல் இருப்பது. 24 மணி நேரம் ஒன்றுமே தொடவில்லை என்றால் வீட்டுக்காரரிடம் சொல்லியாக வேண்டும். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு ஏறி அதுவே தனி நோயாகிவிடும். குண்டுப் பூனைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். சண்டையில் கடிபட்டு வீங்கிய இடம் சீழ் கட்டுவதும் இந்தக் கணக்குதான். கண்ணைத் திறக்காமல் இடுக்கிக்கொண்டே இருந்தால் மட்டும் அன்றைக்கே காட்ட வேண்டும்.

நீங்கள் எழுதியிருப்பது வாரக்கணக்கு. பேசுவதற்கு உங்களுக்கு நேரம் இருக்கிறது.

மாடத்து விளக்கு:
சாப்பாடு வைக்காதீர்கள். இரக்கத்தில் செய்வதுதான், ஆனால் அதிகம் கெடுப்பது இதுதான்.

சிறுநீரகக் கோளாறு உள்ள பூனைக்கு பாஸ்பரஸ் குறைத்த உணவு கொடுத்துக்கொண்டிருக்கலாம். தைராய்டுக்கு அயோடின் குறைத்த உணவை மட்டுமே நம்பி வைத்தியம் நடந்தால், வெளியே சாப்பிடும் நாலு வாய் மொத்த வைத்தியத்தையும் வீணாக்கிவிடும். இன்சுலின் போடும் பூனைக்கு வேளையும் அளவும் கணக்கு. மறுநாள் மயக்க மருந்து கொடுக்க வெறும் வயிற்றில் வைத்திருக்கவும் கூடும். இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை: உங்களிடம் சாப்பிட்டுப் போகும் பூனை அங்கே தட்டைத் தொடாது. பசி குறைந்ததா, வேறெங்கோ வயிறு நிறைந்ததா என்று வீட்டுக்காரருக்குத் தெரியாமல் போய்விடும். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கே தப்பான பதில் போகும்.

தண்ணீர் வையுங்கள், தப்பில்லை. பால் வேண்டாம், வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்கு அது செரிக்காமல் வயிற்றோட்டம் ஆகும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போகும்.

மாத்திரை எதுவும், எந்த அளவிலும் கூடாது. மனிதர்களின் பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றத் தேவையான வேலையைப் பூனையின் கல்லீரலால் போதுமான அளவு செய்ய முடியாது. ஒரே மாத்திரை கொன்றுவிடும். ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். யாராவது ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். இபுபுரூஃபனும் அதே மாதிரி விஷம்தான். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் ஆபத்து.

கொல்லைப்புறம்:
இளைத்த கிழப் பூனை என்றாலே கவனிக்காத வீடு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வயதான பூனை மெலிந்து, தண்ணீரையும் தேடினால் மூன்று நோய்களைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள்.

சிறுநீரகம் என்றால் பசி மந்தம், முடி மங்கல், கிண்ணத்துக்கு முன்னால் குனிந்தபடியே உட்கார்ந்திருப்பது. தைராய்டு என்றால் நேர்மாறு: பேய்ப்பசி, நிலைகொள்ளாமை, ராத்திரியில் கத்தல், அத்தனை சாப்பிட்டும் எலும்பு. சர்க்கரை என்றால் பசியும் இருக்கும், சிறுநீர் குளம்போலப் போகும். முற்றினால் சில பூனைகள் பின்னங்காலில் குதிகால் தரையைத் தொட நடக்கும். எது என்று ரத்தமும் சிறுநீரும் பார்த்தால்தான் உறுதி. இடுப்பில் சிக்குப் பிடிப்பது பெரும்பாலும் அங்கே நாக்கு எட்டாததால். மூட்டுவலியோ பல்வலியோ இருக்கலாம்.

வைத்தியம் நடக்கிறதா என்று பூனையின் உடம்பே சொல்லும். முன்னங்காலிலோ கழுத்தின் அடியிலோ சதுரமாக முடி மழித்திருந்தால் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். வயிறு மழித்திருந்தால் ஸ்கேன். தோள்பட்டைகளுக்கு நடுவே அல்லது ஒரு முன்னங்கால் பக்கம் தொளதொளவென்று நீர்ப்பை மாதிரி தொங்கி, சில மணி நேரத்தில் மறைந்தால் அது தோலுக்கடியில் ஏற்றிய சலைன். இதைக் கட்டி என்று பதறியவர்கள் உண்டு. இடது காது நுனி நேராக வெட்டியிருந்தால் வேறு விஷயம்: பல ஊர்களில் அது கருத்தடை செய்துவிட்ட தெருப்பூனைக்கான அடையாளம். அப்படியானால் அந்தப் பூனை அந்த வீட்டுடையதுதானா என்பதே கேள்வி.

சாம்பல்வால்:
நீர்ப்பை விஷயம் நல்ல குறிப்பு. கவனிக்கும் முறையையும் சேர்த்துவிடுகிறேன், “ஒரு மாதிரி இருக்கு” என்று சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள்.

தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். மார்பு ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒன்று. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-க்குக் கீழே இருந்தால் சரி. திரும்பத் திரும்ப அதைத் தாண்டினால் இதயமோ நுரையீரலோ. கொட்டாவி விடும்போது ஈறு தெரியும்: இளஞ்சிவப்பு நல்லது, வெளுப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் நல்லதல்ல. கறுப்புத் திட்டு பல பூனைகளுக்குப் பிறவி நிறம், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

வலி முகத்தில் தெரியும். மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2019-ல் வெளியிட்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. காது, கண், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி, மீசை, தலை என்று ஐந்தைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போட வேண்டும். காது வெளிப்பக்கம் சாய்ந்து தட்டையாவது, கண் இடுங்குவது, மீசை விறைத்து முன்னால் நீள்வது, தலை தோளுக்குக் கீழே தொங்குவது எல்லாம் மதிப்பெண் ஏற்றும். பத்துக்கு நான்கு வந்தாலே வலி மருந்து தேவைப்படலாம் என்பது கணக்கு. தூங்கும்போதும் நக்கிக்கொண்டிருக்கும்போதும் போடாதீர்கள், தப்பாக வரும். குர்குர் என்று இழைந்துகொண்டு மடியில் படுக்கிறதே, நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைக்காதீர்கள். வலியிலும் பூனை அப்படி குர்குர் என்னும்.

வாரம் ஒரு படம் மேலேயிருந்து, ஒரே இடத்தில் எடுத்து வையுங்கள். இடுப்பு ஒடுங்குவது படத்தில் தெரியும். இருமலோ இழுப்போ தள்ளாட்டமோ இருந்தால் வீடியோ. மருத்துவரிடம் போனதும் பூனை அதைச் செய்யாது.

நடுவாசல்:
பேசும் விதம்தான் எல்லாமே. “பூனை இப்படி இளைச்சிருக்கே, பார்க்கலையா?” என்று தொடங்கினால் கதவு மூடிக்கொள்ளும், பூனையும் உள்ளே போய்விடும். அப்புறம் உங்களால் பார்க்கக்கூட முடியாது. கண்டதை மட்டும் சொல்லிக் கேளுங்கள்: “செவ்வாய்க்கிழமை பகல்ல அரை மணி நேரத்துல நாலு தடவை தண்ணி குடிச்சுதுங்க. அது வழக்கம்தானா? நீங்க இல்லாத நேரம்னு சொல்லிடலாம்னு தோணிச்சு.” பகல் முழுக்க வெளியே இருப்பவருக்கு இது உண்மையிலேயே புதுச் செய்தியாக இருக்கலாம். தினமும் பார்க்கும் கண்ணுக்கு இளைப்பு உறைப்பதுமில்லை. நாலு கிலோ பூனை 400 கிராம் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது, ஆனால் கையில் தூக்கினால் வித்தியாசம் தெரியாது.

உதவியைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். “ஏதாவது வேணும்னா கேளுங்க” என்றால் யாரும் கேட்பதில்லை. “சனிக்கிழமை காலையில நான் சும்மாதான் இருக்கேன், டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகவா?” என்றால் பதில் வரும். பணம்தான் தடை என்றால் அதை வாய்விட்டுச் சொல்லவே பலர் கூசுவார்கள். அவரைச் சொல்ல வைக்காதீர்கள். குறைந்த செலவில் பார்க்கும் இடம் தெரிந்தால் நீங்களே சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள்.

யார் பூனை என்றே தெரியாத இடத்தில் காகிதக் கழுத்துப்பட்டை நன்றாக வேலை செய்யும். இரண்டு சென்டிமீட்டர் அகலக் காகிதத் துண்டில் “இது உங்கள் பூனையா? உடம்பு சரியில்லை போலிருக்கிறது, அழையுங்கள்” என்று எழுதி, எண்ணும் தேதியும் போட்டு, இரண்டு விரல் நுழையும் தளர்வில் சுற்றி நுனியை மட்டும் ஒட்டுங்கள். நூல், ரப்பர், துணி கூடாது. எங்காவது மாட்டினால் கிழிந்துவிட வேண்டும், காகிதத்தின் பயனே அதுதான்.

தாழ்வாரம்:
பேசிப் பார்த்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால்?

நடுவாசல்:
வாரக்கணக்கு நோய் என்றால் ஒரு வாரம் விட்டு இன்னொரு தடவை பேசுங்கள். அதற்குள் மோசமாகிக்கொண்டே வந்தால் தேதி, நேரம், படத்தோடு விலங்கு நல அமைப்பிடம் போங்கள். உங்கள் கோபம் அங்கே எடுபடாது. எட்டுத் தேதி போட்ட ஒரு தாள் எடுபடும். வீட்டுக்குள் கொண்டுவந்து அடைத்து வைக்க மட்டும் வேண்டாம். அடுத்தவர் பூனையை எடுப்பது பல இடங்களில் திருட்டுக் கணக்கில் சேரும். அதோடு, அங்கே நடந்துகொண்டிருக்கும் மருந்து வேளைகள் தவறிப்போகும்.

கொல்லைப்புறம்:
அவசரத்தில் தூக்குவதைப் பற்றி. கையை முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். பெரிய துண்டைப் பின்பக்கமிருந்து போர்த்தி, கழுத்தைச் சுற்றி உள்ளே மடித்து, மார்புக்கடியில் ஒரு கை, பின்புறத்துக்கு ஒரு கை. பிடரியைப் பிடித்துத் தொங்கவிடக் கூடாது. கூடை இல்லையென்றால் காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டி போதும், ஆனால் அடியில் டேப் ஒட்டுங்கள். ஈரமானால் அடி கழன்றுவிடும். மூச்சுத் திணறும் பூனையை இறுக்கிச் சுற்றாதீர்கள். பெட்டியை அது இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் அதன்மேல் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகித் திருப்புங்கள்.

கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். பூனைப் பல் ஊசிமாதிரி ஆழமாக இறங்கும். மேலே சிறு புள்ளிதான் தெரியும், கிருமி உள்ளே போயிருக்கும். வெறிநாய்க்கடி நோய் உள்ள இடம் என்றால் தடுப்பூசியும் பேச வேண்டும்.

மருத்துவமனையில் முதலில் தோலுக்கடியில் அடையாள எண் உள்ள சிப் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தோள்களுக்கு நடுவே போடுவார்கள், சில சமயம் நகர்ந்து முன்னங்கால் பக்கம் போயிருக்கும், அதனால் உடம்பு முழுக்க ஸ்கேனரை ஓட்ட வேண்டும். 15 இலக்க எண் வரும். வலி குறைக்க, உயிர் காக்க முதலுதவி செய்வார்கள். அதற்கு மேல் அறுவை, பெரிய சிகிச்சை என்றால் பொதுவாக வீட்டுக்காரர் சம்மதம் கேட்பார்கள். எவ்வளவு தூரம் உங்கள் செலவு என்பதையும் அங்கேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

மாடத்து விளக்கு:
உங்கள் வீட்டிலும் பூனை இருந்தால்: தும்மல், கண்ணில் பீளை உள்ள பூனையைத் தொட்டபின் கையைக் கழுவி உடை மாற்றுங்கள். குட்டியும் தடுப்பூசி போடாததும் இருந்தால் இன்னும் கவனம். அந்தப் பூனை இருந்த பெட்டி, தரையைத் துடைக்க ஒரு பங்கு பிளீச்சுக்கு 31 பங்கு தண்ணீர், பத்து நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும். அழுக்கை முதலில் கழுவிவிட்டுத்தான் அதைப் போட வேண்டும்.

திண்ணை:
கேட்டேன். சிறுநீரகம்தான். ஏற்கெனவே வைத்தியம் நடக்கிறது, இரவில் சலைன் அவரே ஏற்றுகிறார். முன்னங்காலில் மழித்த இடம் இருப்பதை இப்போதுதான் கவனித்தேன். பகலில் இவ்வளவு தண்ணீர் தேடுவது அவருக்குத் தெரியவில்லை, சாப்பாடு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்கிறார்.

சாம்பல்வால்:
ஒரு தாளில் அவரிடம் இவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: மருத்துவர் எண், இரவு நேர மருத்துவமனை எண், மருந்துப் பெயர்களும் வேளையும், என்ன உணவு, எத்தனை கிராம். “நான் கிடைக்காவிட்டால் இவர் பூனையைக் கொண்டுவரலாம், இன்ன தொகை வரை சிகிச்சை செய்யலாம்” என்று கையெழுத்துப் போட்ட இரண்டு வரியும் வேண்டும். சமையலறைத் தராசில் தட்டை காலையிலும் மாலையிலும் நிறுத்துப் பாருங்கள். தண்ணீருக்கும் அளந்து ஊற்றி, மிச்சத்தை அளந்தால் போதும். வாளியை மூடிவிடுங்கள், இல்லையென்றால் கணக்கு நிற்காது. ஆனால் அதற்குப் பதிலாக அகலமான கிண்ணங்கள் இரண்டு மூன்று இடத்தில் இருக்க வேண்டும், இந்த நோயில் ஒரு வேளைகூடத் தண்ணீர் கிடைக்காமல் போகக் கூடாது. ஒரு நாள் முழுக்கத் தட்டு அப்படியே இருந்தாலோ, இரண்டு தடவைக்கு மேல் வாந்தி எடுத்தாலோ, இரவு வரை வைத்திருக்காமல் அவருக்கு போன்.