அம்மாவின் 18 கிலோ, என் ஒரு மணித்தியாலம்

தன் வேலைக்கு விலை சொல்லக் கூச்சப்படுவது பற்றி இலங்கை மலையகத்து மூவர் எழுதியவை.

லிந்துலையிலிருந்து:

2021 மார்ச்சில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. அடிப்படை 900, அதோடு ஒரு 100. பள்ளிக்கூடங்கள் திறப்பதும் மூடுவதுமாக இருந்த நேரம். கொழும்பிலிருந்து ஓர் அம்மா போன் எடுத்து, மகனுக்கு ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) கணக்கு ஸூமில் சொல்லித்தர வேண்டும், "மணித்தியாலத்துக்கு எவ்வளவு மிஸ்?" என்றார். கூடப் படித்தவர்கள் 1,500 வாங்குவது எனக்குத் தெரியும். என் வாயில் வந்தது 500.

1,500 என்றால் அம்மாவின் ஒன்றரை நாள். எங்கள் தோட்டத்தில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, 18 கிலோ கொழுந்து. விடிந்ததும் பெரட்டில் ஆள் கணக்கெடுப்பு, இடுப்பில் படங்குச் சாக்கு, காலில் அட்டை. கிலோ குறைந்தால் அரைப்பேர், அரைச் சம்பளம். நானோ சுவெட்டர் போட்டு உட்கார்ந்து இருபடிச் சமன்பாடு சொல்கிறேன். அம்மாவைவிடக் கூட வாங்குவது அவரிடம் திருடுவது போல இருந்தது. ஆறு மாதம், வந்த காசு எவ்வளவு என்றே வீட்டில் சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் காசுக்காரன் என்றால் நல்லவன் இல்லை என்றுதான் பேச்சு. அது சும்மா வந்ததும் இல்லை. அந்தக் காலத்தில் தோட்டத்து ஆளின் கடனை 'துண்டு' என்ற தாளில் எழுதி வைப்பார்கள். அடுத்த தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் அங்கே போகலாம். 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். துண்டு போனது, கடைக்காரரின் கடன் கொப்பி இருந்தது. காசு கையில் வைத்திருந்தவர்களை நாங்கள் பார்த்ததெல்லாம் கொடுக்க வேண்டிய இடத்திலிருந்துதான். நானும் அந்தப் பக்கம் போய்விடுவேனோ என்ற பயம்.

ஒரு நாள் போனில், "பரவாயில்லை, இந்த மாதம் காசு வேண்டாம்" என்று நான் சொன்னது அம்மா காதில் விழுந்துவிட்டது. எத்தனை மாதம் இப்படி என்று கேட்டார். மூன்று என்றேன்.

"நிறுக்கிற எடத்துல தண்ணிக்கு ரெண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோன்னு கழிக்கிறானுக. நான் அங்கேயே நின்னு சத்தம் போடுறேன். நீ என்னான்னா தராசுல ஏத்தாமலே கொழுந்தைக் கொட்டிட்டு வர்ற!"

அம்மா சத்தம் போடுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அப்போது வெட்கமாக இருந்தது. அடுத்த வாரம் 1,500 என்றேன், கை நடுங்கியது. இரண்டு பிள்ளைகள் வகுப்பை நிறுத்திவிட்டார்கள். கொழும்பு அம்மா மட்டும், "சரி மிஸ்" என்று ஒரே சொல்லில் முடித்தார். அதற்காகவா ஆறு மாதம் தூங்காமல் கிடந்தேன்!

பண்டாரவளையிலிருந்து:

எனக்கு வயரிங் வேலை. சொந்தக்காரர் வீடு என்றால், "பார்த்துக் குடுங்க மாமா" என்பேன். பார்த்துத்தான் கொடுத்தார்கள், வயர் வாங்கிய காசுகூடத் தேறவில்லை. இப்போது சாமான் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று முதலே துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். டீ வருவதற்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். டீயும் பிஸ்கட்டும் வந்தால் வாய் திறக்காது.

ஹட்டனிலிருந்து:

மிஸ், எனக்கு ஒன்று உறுத்துகிறது. உங்கள் 1,500 கூடுதல் இல்லை, அம்மாவின் 1,000தான் குறைவு. அந்தக் குற்ற உணர்வை நீங்கள் ஏன் சுமக்கிறீர்கள்? அந்தச் சம்பளத்தைத் தீர்மானித்தவர்களல்லவா சுமக்க வேண்டும்!

மறுபடி லிந்துலை:

உண்மைதான். புத்திக்கு அது அப்போதே தெரியும். வாய்தான் கேட்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளிடம் இன்றும் குறைத்துத்தான் வாங்குகிறேன். ஆனால் அது நான் யோசித்து வைத்த விலை, கூச்சத்தில் உளறியது இல்லை.

2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனபோது அம்மா வேலையை விட்டிருந்தார். ரேடியோவில் செய்தி கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "ஒன் மணித்தியாலம் இப்ப எவ்வளவு?" என்றார். அதே 1,500தான் என்றேன்.

"அவனுகளே கூட்டிட்டானுக. நீ இன்னும் கூட்டலையா?"