தேக்கில் 5 மி.மீ. தமிழ் எழுத்து பிய்ந்து போகிறது

தேவகோட்டைப் பேரன்:
தாத்தாவின் சதாபிஷேகத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க மரக் குங்குமச் சிமிழ் செய்கிறோம். மூடி 60 மி.மீ. விட்டம். அதில் 'சதாபிஷேக நினைவாக' என்று இரண்டு வரி, எழுத்து உயரம் 5 மி.மீ. மெஷின் 3018 (கணினி ஓட்டும் சின்ன சி.என்.சி. செதுக்கு மெஷின்), பிட் (வெட்டும் முனை) 60 டிகிரி வி வடிவம். மரம், பழைய வீட்டில் கழற்றிய பர்மா தேக்கு. ஒரு ஓரத்தில் எழுத்து தடிமனாகவும் மறு ஓரத்தில் மயிரிழையாகவும் வருகிறது. 'ஷ', 'னை' இரண்டிலும் சுழிக்குள் இருக்கும் மரம் பெயர்ந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, 'ஷே'யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. பிட்டை மாற்றணுமா?

கோவை பேட்டர்ன்காரர்:
தம்பி, பிட்டுக்கு முன்னால் பலகையைப் பாருங்கள். வி பிட்டில் கோட்டின் அகலத்தைத் தீர்மானிப்பதே ஆழம்தான். 60 டிகிரியில் 0.6 மி.மீ. கோடு வேண்டுமென்றால் அரை மி.மீ. இறங்கினால் போதும். பலகை 0.2 மி.மீ. சாய்ந்திருந்தால் கோடு 0.23 மி.மீ. மாறிவிடும். உங்கள் 'மயிரிழை' அங்கிருந்துதான் வருகிறது. இழைப்புளி போட்ட பலகையை நம்ப வேண்டாம். மெஷினில் மாட்டியபடியே ஒரு தட்டை பிட்டால் மேல்பரப்பைச் சீவுங்கள். பலகையைக் கழற்றாமல் வி பிட்டை மாட்டி, Z பூஜ்யத்தை (பிட் நுனி பரப்பைத் தொடும் உயரம்) புதிதாக எடுங்கள். 30 டிகிரி பிட் என்றால் இதே சாய்வுக்குப் பாதி மாற்றம்தான் தெரியும். ஆனால் 1.1 மி.மீ. ஆழம் இறங்கணும், நுனியும் சீக்கிரம் ஒடியும். முதலில் சீவுங்கள், பிறகும் சரியாகாவிட்டால் வாங்கலாம்.

அடுத்தது மரம். தேக்கின் துளைகள் கண்ணுக்கே தெரியும். 0.6 மி.மீ. கோடு அதில் ஓடினால் எது எழுத்து, எது துளை என்றே புரியாது. தேக்கில் சிலிக்காவும் உண்டு, பிட்டின் கூர்மையை அது தின்றுவிடும். கூர் மழுங்கினால் சுழிக்குள் இருக்கும் குட்டி மரம் நாரோடு பெயரும். பழைய வீட்டு மரம் என்ற பாசம் எனக்கும் புரிகிறது. சிமிழைத் தேக்கில் வைத்துக்கொண்டு, மூடியை மட்டும் மஞ்சக்கடம்பில் செய்யுங்கள். நெருக்கமான மரம், விளிம்பு சுத்தமாக நிற்கும்.

தேக்குதான் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால், சீவின பரப்பில் மெல்லிசாக ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு வெட்டுங்கள். நார் கொஞ்சம் இறுகும். உயரத்தையும் 7 மி.மீ. ஆக்குங்கள். ஆங்கில எழுத்து 5 மி.மீ.யில் பிழைத்துக்கொள்ளும், நம் 'ஷ' பிழைக்காது.

எழுத்துரு_பைத்தியம்:
கொம்புக்கு மருந்து: கேம் (CAM, மெஷினுக்கு வெட்டும் பாதை போட்டுத் தரும்) மென்பொருளில் தமிழைத் தட்டச்சே செய்யாதீர்கள். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அடித்து, எழுத்தைப் பாதையாக (வெறும் வரைகோடாக) மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறும் வடிவங்களை இணைத்து, எஸ்விஜி கோப்பாக எடுத்துப் போங்கள். இணைக்க மறந்தால் எழுத்து நடுவே தேவையில்லாத கோடு விழும். எழுத்துரு முக்கியம். லதா மாதிரி மெல்லியது வேண்டாம், கேட்டமரன் அல்லது முக்த மலரில் மீடியம் எடை எடுங்கள். எழுத்து இடைவெளியையும் கொஞ்சம் கூட்டுங்கள்.

சும்மா_வந்தவன்:
இவ்வளவு பாடு எதற்கு, லேசர் அடிச்சா முடிஞ்சுதே?

கோவை பேட்டர்ன்காரர்:
5 மி.மீ.தான் வேணும் என்றால் லேசர்தான் நியாயம், நானும் அதையே சொல்வேன். ஆனால் தேக்கில் பழுப்பு மேல் பழுப்பு. எண்பது வயதுக்காரர் கண்ணுக்குத் தெரியணுமே! குழித்து, கறுப்பு நிரப்பினால்தான் படிக்க முடியும்.

தேவகோட்டைப் பேரன்:
மூடிக்கு மஞ்சக்கடம்பு, எழுத்து 7 மி.மீ. என்று முடிவு செய்துவிட்டோம். கறுப்பை எப்போது நிரப்புவது, அண்ணே?

கோவை பேட்டர்ன்காரர்:
வெட்டி முடித்ததும் குழிக்குள்ளும் போகிற மாதிரி ஒரு கை ஷெல்லாக் போடுங்கள். இல்லையென்றால் மை நாரோடு ஓடிப் பரவும். காய்ந்ததும் கறுப்பு அக்ரிலிக் நிரப்பி, அதுவும் காய்ந்தபின் 240 உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் சுற்றி, ரேகைப் போக்கில் தேயுங்கள். விரலால் தேய்த்தால் பரப்பு குழிந்து எழுத்து மெலியும். பாலிஷ் கடைசியில்.