ஆயிரம் பேர்கூடக் கேட்காத வோக்கலாய்டு பாட்டுகள்: உங்களுக்கு எப்படிக் கிடைத்தன?

சோமனூரிலிருந்து

எங்கள் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. ராத்திரி ஷிப்டுக்கு ஆள் வராத நாளில் நான்தான் நிற்பேன். தறிச் சத்தத்தில் சாதாரணக் குரல் எதுவும் காதில் ஏறாது. ஒரு நாள் யாரோ அனுப்பிய ஹட்சுனே மிக்கு பாட்டை இயர்போனில் போட்டேன். அந்தக் கூர்மையான குரல் பன்னிரண்டு தறியின் சத்தத்தையும் தாண்டி வந்தது. அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிக்கு ஆள் இல்லை, குரல். யமஹாவின் வோக்கலாய்டு மென்பொருளுக்காக, சப்போரோவில் இருக்கும் கிரிப்டான் நிறுவனம் 2007 ஆகஸ்ட் 31 அன்று வெளியிட்டது. சாகி ஃபுஜிதா என்ற குரல் நடிகை கொடுத்த ஒலித்துண்டுகளைக் கோத்து, நாம் எழுதும் சொல்லை நாம் போடும் சுரத்தில் பாடும். அதே நிறுவனம் அதற்கு முந்தைய வருஷமே கைட்டோ என்ற ஆண் குரலையும் கொண்டுவந்திருந்தது. அப்போது அதை அதிகம் பேர் வாங்கவில்லை. மிக்கு பேர் வாங்கிய பிறகுதான் கைட்டோவையும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் சொல்ல வந்ததும் ஒரு கைட்டோ பாட்டைப் பற்றித்தான். 2014, ஐப்பசி மழை. பாவு தீர்ந்து இரண்டு தறி நின்றிருந்தது. கேட்டுக்கொண்டிருந்த பாட்டுக்குப் பக்கத்துப் பட்டியலில் பென்சிலில் வரைந்த ரயில்வே கேட் படம் ஒன்று தெரிந்தது. பதிவேற்றி நாலு வருஷம் ஆகியிருந்தது, கேட்டவர்கள் 312 பேர். படம் அசையவே இல்லை, மூன்றரை நிமிஷமும் அதே கேட்தான்.

ஜப்பானிய மொழி எனக்கு அப்போது ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் முதல் சரணத்தின் மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன். சுரத்தையும் சொல்லையும் மட்டும் போட்டு விட்டுவிட்டால், வரி முடியும் இடத்தில் குரல் கத்தரித்த மாதிரி நிற்கும். இந்தப் பாட்டில் கடைசிச் சுரம் கொஞ்சம் கீழே சரிந்தது. பிறகு நடுங்கியது, சத்தம் குறைந்து மூச்சாகிப் போனது. அடுத்த வரி தொடங்கும் முன் ஒரு மூச்சு இழுப்பு வேறு. அத்தனையும் ஒரு மனிதர் திரையில் கோடு கோடாக வரைந்தது. அந்த வேலைக்கு ஜப்பானில் ‘சோசெய்’ என்று பேர். பிற்பாடு நானே ஒரு தமிழ் வரியை எடுத்து உட்கார்ந்து பார்த்தேன். ஒரே ஒரு வரி, ஒன்பது சொல். அதைக் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி ஆக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. அப்படியானால் அந்த மூன்றரை நிமிஷத்துக்கு அவர் எத்தனை ராத்திரி உட்கார்ந்திருப்பார்!

புகழ் பெற்ற பாட்டுகளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவற்றில் பல வேகமாக ஓடுகின்றன. குரலுக்கு மூச்சு விட இடம் கொடுத்திருப்பது, என் அனுபவத்தில், பெரும்பாலும் இந்த முந்நூறு, நானூறு பேர் கேட்ட பாட்டுகளில்தான். உங்களுக்கும் இப்படி ஒன்று கிடைத்திருக்கும். எங்கே, எப்படிக் கிடைத்தது என்று எழுதுங்கள்.

பெருந்துறையிலிருந்து

அண்ணா, என்னுடையது தொலைந்துபோன பாட்டு. காலேஜ் பஸ்ஸில் தினமும் கேட்பேன். குமி என்ற வோக்கலாய்டு குரல், பின்னால் கிட்டார் மட்டும். இருநூறு பேர்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். செமஸ்டர் லீவு முடிந்து வந்து தேடினால் இல்லை. போட்டவரே நீக்கிவிட்டார், அவருடைய கணக்கும் இல்லை. பெரிய பாட்டு என்றால் யாராவது ஒருவர் எடுத்து வைத்திருப்பார். இதை யார் வைத்திருப்பார்கள்? மெட்டு எனக்கு இன்னும் முழுசாக ஞாபகம் இருக்கிறது, சொற்கள்தான் பாதி போய்விட்டன.

2024 ஜூனில் நிக்கோநிக்கோ என்ற ஜப்பானிய வீடியோ தளம் சைபர் தாக்குதலில் முடங்கியபோது எனக்குத் தூக்கமே வரவில்லை. ஜூன் 8 அன்று நின்றது, ஆகஸ்ட் 5 அன்றுதான் திரும்பி வந்தது. 2007-லிருந்து சேர்ந்த பாட்டுகள் அங்கே இருக்கின்றன, அதில் எத்தனையோ வேறெங்கும் இல்லாதவை. பதிவுகள் பத்திரமாகத் திரும்பின. அன்றிலிருந்து எனக்குப் பிடித்த ஒவ்வொரு பாட்டுக்கும் பேர், போட்டவர், தேதி, எந்தக் குரல் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். கைப்பேசியில் வேண்டாம், நோட்டில் எழுதுங்கள்.

கோபியிலிருந்து

நான் கேட்டதைவிடச் செய்ததைப் பற்றி எழுதுகிறேன், பரவாயில்லைங்களா?

உட்டாவ் என்று ஒரு இலவச மென்பொருள், 2008-ல் வந்தது. அதில் நம் குரலையே பாடும் குரலாக ஆக்கிக்கொள்ளலாம். ஏப்ரல் முட்டாள் தினத்துக்காக விளையாட்டாகக் கிளப்பிய கசானே டெட்டோ என்ற பாத்திரத்துக்கு நிஜமாகவே குரல் கிடைத்தது இந்த உட்டாவில்தான். 2023-ல் டெட்டோ, சிந்தசைசர் வி என்ற மென்பொருளிலும் விற்பனைக்கு வந்தாள். அதைப் படித்தபோது எனக்கு ஒரு ஆசை வந்தது. என் அம்முச்சிக்கு, அதாவது பாட்டிக்கு, 81 வயது. தாலாட்டு, நடவுப்பாட்டு, கும்மி என்று அவ்வளவு பாடுவார். இப்போது இரண்டு வரிக்கு மேல் மூச்சு நிற்பதில்லை. ஒவ்வொரு எழுத்தாக வாங்கி வைத்தால் என்ன?

ஜப்பானிய மொழிக்கு இது சுலபம். ஐந்து உயிர், பெரும்பாலும் உயிரில் முடியும் அசைகள், ஒரு பட்டியலைப் படித்தால் வேலை முடிந்துவிடும். நமக்கு உயிர்மெய் 216 இருக்கிறதே, அந்த அட்டவணையைப் படிக்கச் சொன்னால் போதும் என்று நினைத்துவிட்டேன். முதல் நாளிலேயே மாட்டிக்கொண்டேன். எழுத்து ஒன்றுதான், ஒலி ஒன்று இல்லை. ‘கல்’லில் வரும் க வேறு, ‘தங்க’த்தில் வரும் க வேறு, ‘பகல்’ வேறு. மூன்றையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். அப்புறம் நம் சொற்களில் நிறைய மெய்யில் முடிகின்றன. கண், பால், நாள், வாழ், தேர். அதற்காக அண், அல், அள், அழ், அர் என்று இன்னொரு வரிசை. சின்னச் சின்னக் கோப்பாக அறுநூறைத் தாண்டிவிட்டது.

அம்முச்சி திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, “ஏஞ்சாமி, ஒண்ணாப்புப் புள்ளையாட்டம் என்னைப் படிக்க வெக்கறே?” என்பார். ஆனால் ஒரு நாள்கூட மாட்டேன் என்று சொன்னதில்லை. பால்காரர் வண்டிச் சத்தம் போன பிறகு, காக்காய் அடங்கிய பிறகு, தினமும் சாயங்காலம் அரை மணி நேரம். ‘ழ’ வரிசைக்கு வந்த அன்று வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொன்னார். பல் இல்லாததால் ‘ச’ மட்டும் காற்றாக வந்தது. அதைத் திருத்தவில்லை, அப்படியே வைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு கோப்பிலும் மெய் எங்கே முடிகிறது, உயிர் எங்கே நிலைக்கிறது, முந்தின ஒலியோடு எவ்வளவு மேலேற வேண்டும் என்று கோடு போட்டுக் குறிக்கும் வேலை நாலு மாசம் ஆனது. கடைசியில் அவருடைய தாலாட்டிலேயே எட்டு வரியைப் பாட வைத்தேன். அம்முச்சி கேட்டுவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. “இது என்ற கொரலுதான், ஆனா நா இத்தன நிறுத்தி நிறுத்திப் பாட மாட்டனே” என்றார். அவர் சொன்னது சரி. எட்டு மாசமாகிறது, கேட்டவர்கள் 43. அதில் பாதி எங்கள் ஒறம்பரைதான். இன்னும் நாலு பேர், வேறு ஊரில், வேறு வீட்டில், இப்படி ஒரு பாட்டியின் குரலைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. பாட்டை இங்கே போட்டிருக்கிறேன்.

அவிநாசியிலிருந்து

தேடுவது எப்படி என்று சிலர் தனியாகக் கேட்டார்கள். நிக்கோநிக்கோவில் கேட்கிறவர்களே பாட்டுக்குக் குறிச்சொல் போடலாம். ‘மொத்தோ ஹியோகா சரேருபெகி’ என்று ஒன்று உண்டு, இன்னும் மதிக்கப்பட வேண்டியது என்று பொருள். யாரோ ஒருவர் கேட்டுவிட்டு, மனசு பொறுக்காமல் ஒட்டிவிட்டுப் போனது அது. அந்தக் குறிச்சொல்லைப் பிடித்துக்கொண்டு, கேட்டவர் எண்ணிக்கை குறைவாக உள்ளதிலிருந்து வரிசைப்படுத்துங்கள். அங்கே ஒரு லட்சம் பேர் கேட்டால் ‘தென்தோ இரி’ என்று பட்டம், பத்து லட்சம் என்றால் ‘தென்செட்சு இரி’. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கும்போது எனக்கு இப்படித்தான் ஒரு லூக்கா பாட்டு கிடைத்தது. லூக்கா ஜப்பானியம், ஆங்கிலம் இரண்டும் பாடும் குரல், 2009-ல் வந்தது. அந்தப் பாட்டில் சொல்லே இல்லை, ஆ, ஊ மட்டும். தேர்த் திருவிழா முடிந்து கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்த தெருவில் அதைக் கேட்டபடி வீட்டுக்கு நடந்தேன். அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

சோமனூரிலிருந்து

கோபி அக்கா, நேற்று ராத்திரி தறியை நிறுத்திவிட்டு உங்கள் பாட்டை ஆறு தடவை கேட்டேன். அம்முச்சி சொன்ன நிறுத்தம் எங்கே வருகிறது என்று தெரிகிறது. இரண்டாவது வரியில் மெய்யும் உயிரும் சேரும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை, நடுவில் ஒரு மயிரிழை வெற்று இடம் இருக்கிறது. மேலேற்றும் அளவை அந்த மூன்று அசைக்கு மட்டும் கூட்டிப் பாருங்கள். ஐந்தாவது வரிக் கடைசியில் வரும் ‘ல்’ அப்படிச் சரியாகாது, கோப்பே குட்டையாக இருக்கிறது. அம்முச்சிக்கு முடிகிற ஒரு சாயங்காலமாகப் பார்த்து, அந்த ‘அல்’லை மட்டும் கொஞ்சம் இழுத்துச் சொல்லச் சொல்லி இன்னொரு தடவை வாங்கிவிடுங்கள். ‘ச’வைத் தொட வேண்டாம்.