ஆரஞ்சு பழுக்குற டைம் பத்தி ஒரு ஜெனிட்டிக்ஸ் டவுட், தெரிஞ்சவங்க ஹெல்ப் பண்ணுங்க

வணக்கம் மக்களே, சிட்ரஸ் (ஆரஞ்சு, எலுமிச்சை வகை) ப்ரீடிங் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் வழி சொல்லுங்க. நேவல், வலென்சியான்னு ரெண்டு ஆரஞ்சு ரகமும் ஒரே ஸ்வீட் ஆரஞ்சு வம்சம்தான், பம்ளிமாஸ் மாண்டரின் கலப்புல வந்த பழைய மரத்துல இருந்து மொட்டு மியூட்டேஷன்லயே (ஒரு மொட்டுல தானா வர்ற ஜீன் மாற்றம்) பிரிஞ்சதுங்க, ஜீனோம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா நேவல் குளிர்காலத்துலயே ரெடி, வலென்சியா மட்டும் அடுத்த வருஷப் பூ வந்தப்புறமும் பழைய காயோட தொங்கிட்டு இருக்கு. இந்த கேப்புக்கு காரணம் ஒரே ஒரு ஜீனா, இல்ல பல ஜீன் சேர்ந்த வேலையா?

அடுத்து, எதை வச்சு "பழுத்துச்சு"ன்னு அளக்குறீங்க? சிட்ரஸ் வாழை மாதிரி இல்ல, பறிச்சு வச்சா இனிப்பு ஏறாது. தோல் கலரை நம்பவே முடியல, ராத்திரி குளிர் இல்லன்னா உள்ள நல்லா பழுத்தும் வெளிய பச்சையாவே நிக்குது, வலென்சியா ஆரஞ்சு கலர் வந்தப்புறம் மறுபடி பச்சைக்கே திரும்புது (என்ன பழமோ!). அதனால பிரிக்ஸ்-புளிப்பு ரேஷியோதான் (சாறுல இனிப்பு அளவுக்கும் புளிப்புக்கும் உள்ள விகிதம்) சரின்னு தோணுது. நோயமி ஜீன் புளிப்பைக் கண்ட்ரோல் பண்ணுதுன்னு படிச்சேன், ஆனா புளிப்பு எவ்வளவுங்கிறது வேற, அது எப்போ இறங்குதுங்கிறது வேற இல்லையா?

கிராஸ் பண்ணலாம்னா, நிறைய ரகத்துல விதையில வர்ற கன்னு தாய் மரத்தோட காப்பிதான், அதனால விதைக்கு ஒரே கரு இருந்து கலப்புக் கன்னு மட்டும் தர்ற க்ளமெண்டைனை (ஒரு மாண்டரின் ரகம்) தாயா வைக்கலாம்னு ஐடியா. ஆனா கன்னு காய்க்கவே பல வருஷம் ஆகுமே, அதுக்கு முன்னாடி இலையிலயே டெஸ்ட் பண்ணி முன்பருவமா பின்பருவமான்னு பிரிக்க நம்புற மாதிரி டிஎன்ஏ மார்க்கர் (குணத்தைக் காட்டிக் கொடுக்குற டிஎன்ஏ அடையாளம்) யாராச்சும் யூஸ் பண்ணிருக்கீங்களா?