சிக்கிள் செல் படித்தபோது நான் சந்தித்த ஒரு சிறுமி – உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

எம்.எஸ்ஸி. உயிர்வேதியியலில் எங்களுக்கு நோய்களின் மூலக்கூறு அடிப்படை பற்றி ஒரு தாள் இருந்தது. முதல் பாடமே சிக்கிள் செல் ரத்தசோகை, சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய். 1949-இல் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் குழுவினர் 'மூலக்கூறு நோய்' என்று பெயர் சூட்டியது இதற்குத்தான். சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில், ஆறாவது இடத்தில் குளுட்டமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வேலின் என்ற இன்னொன்று. அவ்வளவுதான் மாற்றம். தேர்வில் அதை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன்.

ஆய்வகத்தில் ஒரு சொட்டு சிக்கிள் செல் ரத்தத்தோடு சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலைக் கலந்து, கவர்ஸ்லிப்பின் ஓரங்களை நெயில் பாலிஷால் அடைத்துவிட்டுக் காத்திருந்தோம். உள்ளே ஆக்சிஜன் குறையக் குறைய, வட்டமாக இருந்த செல்கள் ஒவ்வொன்றாக நீண்டு, முனை கூர்த்து, வளைந்தன. அரைமணி நேரம் லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அப்புறம் கூடலூர்ப் பக்கம் ஒரு பரிசோதனை முகாமுக்கு உதவியாளராகப் போனேன். நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்தச் செல் இருப்பது 1952-லேயே பதிவான செய்தி. பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி, விடுதியில் தங்கிப் படிப்பவள், கால்வலி என்று வந்திருந்தாள். கண்ணில் லேசான மஞ்சள். உதடு வெடித்திருந்தது. தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டேன்.

"அடிக்கடி வெளிய போகணும்னு கேட்டா டீச்சர் திட்டுறாங்கக்கா. அதனால காலையில இருந்து குடிக்கவே மாட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிறுநீரகத்தின் உட்பகுதியில் ஆக்சிஜன் குறைவு, உப்புச் செறிவு அதிகம். ஸ்லைடில் நான் பார்த்ததுதான் அங்கேயும் நடக்கிறது. செல்கள் வளைந்து நுண்குழாய்களை அடைக்க, சிறுநீரைச் செறிவாக்கும் திறன் நாளடைவில் போய்விடுகிறது. நீர்த்த சிறுநீர் நிறையப் போகும், அடக்கவும் முடியாது. திட்டுக்குப் பயந்து அவள் தண்ணீரை நிறுத்தினாள். உடலில் நீர் வற்றினால் சிவப்பணு சுருங்கும், அதற்குள் ஹீமோகுளோபின் செறிவு கூடும். ஆக்சிஜனை இழந்த மாறிய ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி இழை கட்டும்; செறிவு கொஞ்சம் கூடினாலும் அது பல மடங்கு விரைவாக நடக்கும். அந்த இழைகள்தான் செல்லை வளைக்கின்றன. அவளுடைய வலிக்கு அந்தத் திட்டும் ஒரு காரணம்.

வகுப்பில் எப்போதும் தண்ணீர் பாட்டில் வைத்திருக்கலாம், கேட்டவுடன் வெளியே அனுப்ப வேண்டும் என்று பள்ளிக்கு ஒரு கடிதம். டாக்டர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். இத்தனை கவனமாக எந்தத் தேர்வுத்தாளையும் எழுதியதில்லை. நீங்களும் இப்படி யாரையாவது சந்தித்திருந்தால் எழுதுங்கள்.

*

படித்ததும் எனக்கு நாக்பூர் ஞாபகம் வந்துவிட்டது. ஆராய்ச்சிக்காக அங்கே இருந்தேன். ஒரு தாய் எட்டு மாதக் குழந்தையோடு வந்தார். குழந்தையின் இரண்டு கையும் வீங்கி, விரல்கள் உருண்டு கிடந்தன. ஆறு மாதம் வரை நன்றாகத்தான் இருந்தான், நான் கஞ்சி ஊட்ட ஆரம்பித்த பிறகுதான் இப்படி என்று அழுதார்.

கஞ்சியில் ஒரு தப்பும் இல்லை. கருவில் இருக்கும்போது உருவாகும் ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலியே கிடையாது, காமா சங்கிலிதான். அது இழை கட்டுவதைத் தடுக்கும். பிறந்து சில மாதங்களில் அது வடிந்து, பீட்டா சங்கிலி அந்த இடத்துக்கு வருகிறது. அது வரும் மாதமும் கஞ்சி தொடங்கும் மாதமும் ஒன்றாகிவிட்டன. தெரிந்த அரைகுறை மராத்தியில் இதை மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவைதான் அந்த அம்மா அழுகையை நிறுத்தினார்.

இந்த நோய்க்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை வேலை செய்வதும் பெரும்பாலும் இந்தக் கரு ஹீமோகுளோபினைக் கூட்டித்தான். 2023-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையிலான சிகிச்சையும் அதே கதவைத்தான் திறக்கிறது. காமா சங்கிலியை நிறுத்திவைக்கும் பிசிஎல்11ஏ என்ற மரபணுவை ரத்த அணுக்களில் அடக்கி, அந்தச் சங்கிலியை மறுபடி வரவைக்கிறார்கள்.

*

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு இளம் தம்பதி, கூடவே மாமியார். குழந்தைக்கு நோய் என்றதும், "எங்க வம்சத்துல யாருக்கும் கிடையாது, அவ கொண்டு வந்ததுதான்" என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கணவன், மனைவி, குழந்தை மூவரின் மாதிரியையும் எலக்ட்ரோபோரெசிஸில், அதாவது மின்புலத்தில் புரதங்களை நகர்த்திப் பிரிக்கும் சோதனையில், ஓட்டினேன். குளுட்டமிக் அமிலத்துக்கு எதிர்மின்சுமை உண்டு, வேலினுக்கு இல்லை. அதனால் மாறிய ஹீமோகுளோபின் பட்டையில் பின்தங்கி நிற்கும். பாலிங் குழுவும் இதே மின்சுமை வேறுபாட்டைத்தான் அன்று பிடித்தது. சாயம் ஏற்றியதும் மனைவியின் வரிசையில் இரண்டு சிவப்புக் கோடுகள், இயல்பான ஹீமோகுளோபினுக்கு ஒன்று, மாறியதற்கு ஒன்று. கணவர் வரிசையிலும் அதே இரண்டு கோடுகள். ஆளுக்கு இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டுமே மாறிய மரபணு, அதனால் இருவருக்கும் நோய் இல்லை. ஆனால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

விளக்கி முடித்ததும் அந்தக் கணவர் பட்டையை வாங்கி, தன் கோட்டின் மேல் விரலை வைத்து அம்மாவிடம் காட்டினார். "இது என்னோடதும்மா" என்றார்.