டெபியன் 9 சர்வரை நேராக 12-க்குக் கொண்டு போகலாமா?

கேள்வி:
பல ஆண்டுகளாக யாரும் கவனிக்காமல் விட்ட ஒரு டெபியன் 9 (லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகை) சர்வர் இப்போது என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. அதில் பிஎச்பி 7.0-இல் எழுதிய ஒரு வெப் அப்ளிகேஷனும் போஸ்ட்கிரெஸ் 9.6 டேட்டாபேஸும் ஓடுகின்றன. அப்டேட் கட்டளை கொடுத்தால் ரெப்போ (மென்பொருள் பேக்கேஜ்கள் கிடைக்கும் இணையச் சேமிப்பிடம்) முகவரிகள் எல்லாவற்றுக்கும் 404 பிழை வருகிறது. அந்த முகவரிகள் உள்ள சோர்சஸ் கோப்பில் பதிப்பின் பெயரை புக்வார்ம் (12-இன் பெயர்) என்று மாற்றி, ஒரே தாவலில் 12-க்குப் போய்விடலாமா?

முதல் பதில்:
கூடாது. டெபியன் அடுத்தடுத்த பதிப்புக்கு மேம்படுத்துவதை மட்டுமே ஆதரிக்கிறது. 10, 11, 12 என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். 9-இன் நீட்டித்த ஆதரவு 2022 ஜூனில் முடிந்து, பேக்கேஜ்கள் ஆர்க்கைவ் சர்வருக்கு மாற்றப்பட்டதால்தான் 404 வருகிறது. முகவரியை அங்கே திருப்பி, முதலில் 9-ஐ அதன் கடைசி நிலைக்குக் கொண்டு வாருங்கள்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியவை இரண்டு. டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் அது பேக்கப் ஆகாது. முறையாக டம்ப் (தரவு முழுவதையும் கோப்பாக வெளியே எழுதுவது) எடுத்து, வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து பார்த்த பிறகே அதை நம்புங்கள். அடுத்து, எதையும் அப்டேட் செய்யாமல் சர்வரை ஒரு முறை ரீபூட் செய்யுங்கள், கன்சோல் (நெட்வொர்க்கை நம்பாத நேரடித் திரை) வழியாக உள்ளே நுழைய வழி வைத்துக்கொண்டு. எப்போதோ கழற்றிய டிஸ்க் பூட் ஆகும்போது இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலான எப்ஸ்டேப் கோப்பில் இன்னும் இருக்கலாம். யாரோ கையால் தொடங்கிய சர்வீஸ் திரும்ப எழாமல் போகலாம். இந்தப் பழைய கோளாறுகள் அப்கிரேடுக்குப் பிறகு தலைகாட்டினால், எதனால் வந்தது என்று பிரித்தறியவே முடியாது.

10-இலிருந்து 11-க்குப் போகும்போது செக்யூரிட்டி ரெப்போவின் பெயர் வடிவமே மாறுகிறது: 'பஸ்டர்/அப்டேட்ஸ்' என்றிருந்தது 'புல்ஸ்ஐ-செக்யூரிட்டி' ஆகிவிட்டது (பஸ்டர் என்பது 10-இன் பெயர், புல்ஸ்ஐ 11-இன் பெயர்). பதிப்புப் பெயரை மட்டும் மாற்றினால் அந்த வரி வேலை செய்யாது.

இரண்டாவது பதில்:
மேலே சொன்ன ரீபூட் யோசனை பொன்னானது. ஆனால் மூன்று படி ஏறுவதைவிட, புதிய மெஷினில் 12-ஐ நிறுவி அப்ளிகேஷனை அங்கே கொண்டு போவதையே நான் பரிந்துரைப்பேன். ஏதேனும் தவறினால் பழையது தொடப்படாமல் அப்படியே இருக்கும். புதிய மெஷினில் உள்ள போஸ்ட்கிரெஸ் 15-இன் டம்ப் கருவியே பழைய 9.6-உடன் இணைந்து தரவை எடுத்துவிடும்.

உண்மையான தலைவலி பிஎச்பிதான். 12-இல் வருவது 8.2. 'ஈச்', 'கிரியேட்_ஃபங்ஷன்' போன்ற நீக்கப்பட்ட செயல்கூறுகள் பிழை காட்டி நின்றுவிடும் என்பதால் எளிதில் அகப்படும். ஆனால் பூஜ்யத்தை 'abc' போன்ற எழுத்துச் சரத்துடன் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் 7-இல் உண்மை என்று வந்தது, 8-இல் பொய் என்று வரும். அது எந்தப் பிழையும் காட்டாமல் கணக்கை மாற்றிவிடும்.

கேட்டவர்:
புதிய மெஷின் வழியையே எடுக்கிறேன். வேறு பழைய மெஷின்களிலிருந்து எஸ்எஸ்ஹெச் (மெஷின்களைப் பாதுகாப்பாக இணைக்கும் முறை) வழியாக இரவுதோறும் கோப்பு அனுப்பும் ஸ்கிரிப்டுகளும் உண்டு. அவற்றுக்குச் சிக்கல் வருமா?

இரண்டாவது பதிலளித்தவர்:
வரக்கூடும். எஸ்எஸ்ஹெச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் 8.8 முதல், எஸ்ஹெச்ஏ-1 என்ற பழைய ஹாஷ் முறை கொண்டு ஆர்எஸ்ஏ வகைச் சாவியால் இடும் கையொப்பம் இயல்பாகவே நிறுத்தப்பட்டுள்ளது. 12-இல் இருப்பது 9.2. மிகப் பழைய கிளையண்டுகளுக்கு அனுமதி மறுக்கப்படும். இடி25519 என்ற புதிய வகைச் சாவியை ஏற்கும் மெஷின்களில் அதற்கு மாற்றிவிட்டு, ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் புதிய சர்வரை நோக்கி ஒரு முறை கையால் ஓட்டிப் பார்த்த பிறகே ஐபி முகவரியை மாற்றுங்கள்.