வளவுக்குள்ள தண்ணி ஏறிடுச்சு, க்ளீனிங் கம்பெனி ஆசிட் வாஷ் பண்ணணும்கிறாங்க, விடலாமா? அவசரம்

பள்ளத்தூர் பேரன்:
வணக்கம். நான் இருக்கிறது சென்னை, பூர்வீக வீடு பள்ளத்தூர். போன வாரம் ராத்திரி பூரா கொட்டின மழையில முற்றத்துத் தண்ணி வெளிய போகாம வளவுக்குள்ள, அதான் முற்றத்தைச் சுத்தியிருக்கிற உள்வீட்டுக்குள்ள, ஏறிடுச்சு. வீட்டைப் பாத்துக்கிற அண்ணன் காலையில வந்து திறந்தா பட்டாசாலையில (கூடத்துல) கணுக்கால் அளவு, பின்கட்டு அடுப்படிப் பக்கம் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ. ரெண்டு நாள் நின்னுட்டுத்தான் வடிஞ்சிருக்கு.

நான் முந்தாநாள் வந்தேன். தரை பூரா வண்டல், ஆத்தங்குடி கல்லு என்ன கலர்னே தெரியல. சுவர்ல கீழ ரெண்டு அடிக்குப் பூச்சு பொருமி நிக்குது, தட்டினா டொக்கு டொக்குன்னு கேக்குது. கதவு எதுவும் சாத்த முடியல. பங்காளிங்க ரூம் ரெண்டு பூட்டியே கிடக்கு, சாவி மலேசியாவுல.

க்ளீனிங் கம்பெனிக்காரங்க வந்து பாத்துட்டு பிரஷர் வாஷர், ஆசிட் வாஷ், ப்ளீச்சிங், அஞ்சு நாளைக்கு காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சுற டிஹியூமிடிஃபையர் மெஷின் நாலு, கடைசியில தரைக்கு சீலர் கோட்டிங், சுவருக்கு வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட்னு எல்லாம் சேத்து ஒன்னே முக்கால் லட்சம் கேக்கிறாங்க. சாம்பிளுக்கு ஒரு கல்லுல ஆசிட் ஊத்தித் தேச்சுக் காமிச்சாங்க, செவப்புக் கல்லு வெளுத்துப் போச்சு. "கறை போயிருச்சு பாருங்க சார்"ங்கிறாரு, எனக்கென்னவோ கறையோட கலரும் சேந்து போன மாதிரி இருக்கு. சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் போடச் சொல்றாங்க. போடலாமா?

காரைக்குடி ஆச்சி:
தம்பி, அட்வான்ஸ் போட்டுறாதீங்க. ஆத்தங்குடி கல்லு சூளையில சுட்ட டைல்ஸ் இல்ல. கண்ணாடி மேல அச்சு வச்சு கலர் சிமெண்ட்டை ஊத்தி, பின்னாடி சிமெண்ட் மணல் போட்டு அடைச்சு, தண்ணியில ஊறவச்சு எடுக்கிறது. ஆசிட்டுக்கு சிமெண்ட்டுன்னா அல்வா, மேல இருக்கிற கலரைத்தான் முதல்ல திங்கும். எங்க அப்பச்சி வீட்டுல பாத்ரூம் கழுவுற ஆசிட்டைப் போட்டு முகப்பைக் கழுவி விட்டுட்டா ஒருத்தி, இன்னைக்கும் வீட்டுக்கு வர்றவங்க "இங்க என்ன ஆச்சி கொட்டுச்சு"ன்னு கேக்கிறாங்க.

வண்டல் காயறதுக்குள்ள எடுத்துருங்க, காஞ்சா ஒட்டிக்கும். காஞ்சிருந்தா ஈரச்சாக்கைப் போட்டு ஒரு மணி நேரம் ஊற விடுங்க. மரப்பலகையால இழுத்துத் தள்ளுங்க, மம்பட்டி வேணாம், கீறும். நல்ல தண்ணி, கொஞ்சம் சோப்புத் தண்ணி, தேங்கா நார், அவ்வளவுதான். நல்லாக் காஞ்ச பிறகு துணியில லேசா தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைச்சா கலர் எந்திரிச்சு வரும். ஈரமா இருக்கிறப்போ எண்ணெய் போட்டுறாதீங்க.

வயர்மேன்:
அண்ணே, மெயினை ஆஃப் பண்ணியாச்சா? அதை எங்கயுமே நீங்க சொல்லல. தண்ணி நனைச்ச ப்ளக் பாயிண்ட், பழைய மரப்பட்டி வயரிங் இதெல்லாம் வெளிய காஞ்சு போன மாதிரி இருக்கும், உள்ள ஈரம் நிக்கும். மெகர் (வயர்ல கரண்ட் கசியுதான்னு பாக்கிற மீட்டர்) வச்சு டெஸ்ட் பண்ணாம எந்த மெஷினையும் அந்த லைன்ல மாட்ட விடாதீங்க, அவங்க பிரஷர் வாஷரையும் சேத்துத்தான் சொல்றேன்.

இன்னொன்னு, ஆசிட்டும் ப்ளீச்சிங்கும் ஒரே கொட்டேஷன்ல இருக்கு. ரெண்டும் ஒரே இடத்துல கலந்தா குளோரின் கேஸ் கிளம்பும், பூட்டின ரூம்ல ஆளையே சாச்சிரும்.

கொத்தனார் மகன்:
ஆச்சி தரையைச் சொல்லிட்டாங்க, நான் சுவருக்கு வர்றேன். உங்க வீட்டுச் சுவரு செங்கல்லும் சுண்ணாம்பும், மேல கடுக்கா, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் போட்டு இழைச்ச பூச்சு. அது மூச்சு விடுற சுவரு, உள்ள போன தண்ணி அதுவாத்தான் வெளிய வரணும். இப்ப வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட்டை அடிச்சா வாயைப் பொத்தின மாதிரி, ஓதம், அதான் உள்ள நிக்கிற ஈரம், வெளிய வர வழி இல்லாம மேல ஏறும், ரெண்டு அடி பொருமினது நாலு அடி ஆகும், உப்பு பூக்கும். அதே காரணத்துக்குத்தான் தரைக்கு சீலரும் வேணாம், பொருமின இடத்துல சிமெண்ட் பூச்சும் வேணாம். டொக்குன்னு கேக்கிற பூச்சை மட்டும் தட்டி எடுத்துட்டு சும்மா விட்டுருங்க.

காஞ்சுதான்னு பாக்க ஒரு வழி. பாலிதீன் ஷீட்டை ஒரு முழ அகலத்துக்கு வெட்டி நாலு ஓரமும் டேப் போட்டு சுவர்ல ஒட்டிருங்க. மறுநாள் உள்பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னா இன்னும் ஈரம். ஒன்றரை அடி கனச் சுவரு காய மாசக்கணக்கு ஆகும், அஞ்சு நாள் கதையெல்லாம் நம்பாதீங்க. அப்புறம் அந்த டிஹியூமிடிஃபையர், முற்றம் வானத்தைப் பாத்துத் திறந்து கிடக்கு, நாலு மெஷினை ஓட விட்டா பள்ளத்தூர் மேகத்தைத்தான் காயவைக்கணும் 😀

பள்ளத்தூர் பேரன்:
மெயின் ஆஃப்ல இருக்கு. அட்வான்ஸ் நிறுத்திட்டேன். ஆச்சாரி வந்து கதவை அடியில இழைச்சு விட்டா சாத்திரலாம்னு சொல்றாரு, சரியா? பர்மா தேக்கு, அதான் பயமா இருக்கு. கிணத்துலயும் தண்ணி கலங்கிக் கிடக்கு.

கொத்தனார் மகன்:
இழைக்கவே கூடாது. இப்ப ஊதியிருக்கு, காஞ்சா பழைய அளவுக்கு வரும், அப்ப கதவுக்கு அடியில பூனை நுழையும். பெட்டகம், பலகை எல்லாத்தையும் வெயில்ல போடாதீங்க, வெடிச்சிரும். நிழல்ல, நடுவுல ரீப்பர் கட்டை (மெல்லிசான மரச்சட்டம்) குடுத்து அடுக்கி காத்தோட்டமா விடுங்க. பூசணம் பிடிச்சிருந்தா உலர்ந்த துணியால இல்ல, ஈரத்துணியால துடைங்க, உலர்ந்ததுல துடைச்சா அந்தத் தூள் மூக்குக்குத்தான் போகும். நாலு மாசம் கழிச்சு கரையான் இருக்கான்னு நிலையடியில பாத்துக்கங்க.

கோட்டையூர்:
எல்லாரும் கம்பெனிக்காரனை வையிறீங்க, அவங்களால ஆகிற வேலையும் இருக்குல்ல. செப்டிக் டேங்க் பொங்கியிருந்தா அதை நம்ம ஆளுங்களை வச்சு அள்ளாதீங்க, மெஷினும் கிளவுஸும் பூட்ஸும் இருக்கிறவங்க செய்யட்டும், எலிக்காய்ச்சல் வர்ற சீசன் இது. தண்ணி உறிஞ்சுற வேக்குவம் வாங்கிக்கங்க. பூட்டின ரூமுக்கு மட்டும் ஒரு டிஹியூமிடிஃபையர் கேளுங்க, அங்க அது வேலை செய்யும். ஆசிட், சீலர், பெயிண்ட் மூணையும் கொட்டேஷன்லேர்ந்து அடிக்கச் சொல்லி எழுத்துல வாங்கிக்கங்க.

கிணறு: விட்டம் 2 மீட்டர், தண்ணி 3 மீட்டர் நின்னா சுமார் 9,400 லிட்டர். சாதாரணமா 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் ப்ளீச்சிங் பவுடர்னு கணக்கு, ஆனா வெள்ளத்தண்ணி எறங்கின கிணத்துக்கு அது பத்தாது. முதல்ல இறைச்சுட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துல சொன்னா சுகாதார ஆய்வாளர் அளவு சொல்லுவாரு. அதுவரைக்கும் குடிக்க டேங்கர் தண்ணிய கொதிக்க வச்சுக்கங்க.

ஆமா, தண்ணி ஏன் ஏறுச்சுன்னு யாருமே கேக்கலையே? முற்றத்துத் தூம்பு, அதான் தண்ணி வெளிய போற வடிகால், எங்க போய் விழுது?

காரைக்குடி ஆச்சி:
பூட்டின ரூமை அப்படியே விட்டுறாதீங்க தம்பி. வீடியோ கால் போட்டு பங்காளி கண்ணு முன்னாடியே பூட்டை உடைங்க, உள்ள இருக்கிறதை அப்பவே போட்டோ எடுத்து அனுப்பிருங்க. பின்னாடி பேச்சு வராது. பூட்டு முந்நூறு ரூபா.

பள்ளத்தூர் பேரன் (நாலு நாள் கழிச்சு):
அப்டேட். கம்பெனி மூணு ஐட்டத்தையும் எடுத்துட்டு நாப்பத்தெட்டாயிரத்துக்கு ஒத்துக்கிட்டாங்க, மொகம்தான் சரியில்ல. தரைக்கு நம்ம ஊர் அக்காமார் நாலு பேர், தேங்கா நாரு, அவ்வளவுதான். பட்டாசாலையில பச்சையும் மஞ்சளும் தெரிய ஆரம்பிச்சிருச்சு.

தூம்பு விஷயம் கோட்டையூர் அண்ணன் கேட்டது சரிதான். மூங்கிலை விட்டுக் குத்தினோம், பதினஞ்சு அடி போய் நின்னுச்சு. வெளிய போய்த் தோண்டிப் பாத்தா தூம்பு வாய் ரோட்டுக்கு அடியில இருக்கு. ஒவ்வொரு தடவையும் பழசைச் சுரண்டாம மேல மேல ரோடு போட்டு அந்தக் காலத்து வாசப்படி ரெண்டு புதைஞ்சு போச்சு, தூம்பும் அதோட போச்சு. பேரூராட்சியில மனு குடுத்திருக்கேன், இப்போதைக்கு முற்றத்துல ஒரு மோட்டார்.

பங்காளி ரூமை அவங்க பாக்கப் பாக்கத் திறந்தோம். உள்ள கல்யாணச் சீர் வெங்கலப் பானை ஒன்னுக்குள்ள ஒன்னா அடுக்கி இருந்துச்சு, எல்லாத்துலயும் பாதி சேறு. அந்தப் பக்கம் சித்தி அழுதுட்டாங்க.

வெளுத்த அந்த ஒரு கல்லு மட்டும் அப்படியே இருக்கு. ஆத்தங்குடியில ஒரு பட்டறையில காட்டினேன், டிசைனை டிரேஸிங் எடுத்துட்டு வாங்க, பழைய அச்சு கிடக்கான்னு தேடிப் பாக்கறோம்னாரு. கதவை இழைக்க விடல, ராத்திரிக்கு வேட்டியால ரெண்டு வளையத்தையும் சேத்துக் கட்டிட்டுப் படுக்கறேன்.